குளிர்சாதனங்களின் மின் முனைகளைப் பேணும் முறை

குளிர்சாதன இயந்திரம் என்பது ஒரு காலத்தில் நகரத்துச் சினிமாக் கொட்டகையின் விளம்பரப் பலகையில் மட்டுமே நாம் கண்ட பொருளாக இருந்தது. இன்று நிலைமை வேறு. காரைக்கால் பகுதியில், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடி போன்ற நெல் விளையும் சிற்றூர்களிலும் அது வந்து சேர்ந்துவிட்டது. கணினி வைத்திருக்கும் அறை, வங்கிக் கிளை, மருந்துகளைக் காக்கும் அறை ஆகியவற்றில் மட்டுமன்றி, வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீட்டிலும் அதன் வெளிப்புற யூனிட் சுவரில் தொங்குகின்றது. இயந்திரம் வந்த வேகத்தில் அதைப் பேணும் அறிவு வரவில்லை. வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்பதைப் பலரும் அறிந்திருக்கின்றனர். 'கேஸ்' குறைந்தால் நிரப்ப வேண்டும் என்பதையும் அறிந்திருக்கின்றனர். ஆனால் மின்கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டைவிரல் நகமளவேயான திருகாணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான பழுதுகளும், சில வேளைகளில் தீயும், அங்கிருந்தே புறப்படுகின்றன. ஆகையால் இக்கட்டுரை அந்தத் திருகாணியைப் பற்றி மட்டுமே பேசுகின்றது.

மின்கம்பி ஒரு சாதனத்துடன் சேரும் இடத்திற்கு முனை என்று பெயர். பணியாளர்கள் இதை 'டெர்மினல்' என்பர். காவிரிப் பாசனத்தில் பழகிய நமக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்கால் எவ்வளவு அகலமாக வெட்டப்பட்டிருந்தாலும், மதகின் வாயில் சேறும் செத்தையும் அடைத்துக்கொண்டால் வயலுக்குத் தண்ணீர் சரிவரப் பாயாது. மின்சாரத்திற்கும் அவ்விதமே இடுக்கமான இடம் அந்த முனைதான். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அடைபட்ட மதகில் நீர் தேங்கி நிற்கும். பழுதான முனையில் மின்சாரம் தேங்குவதில்லை, வெப்பமாக மாறுகின்றது.

எவ்வளவு வெப்பம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் குளிர்சாதனம் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். முனையில் உண்டாகும் வெப்பத்தை அறிய, மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை முனையின் மின்தடையால் பெருக்க வேண்டும். 8ஐ 8ஆல் பெருக்க 64. நன்றாக இறுகிய முனையின் தடை ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு என்று கொண்டால், வெப்பம் ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கே. அம்முனை தளர்ந்து, களிம்பேறி, தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். அப்போது வெப்பம் 32 வாட். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் பற்றுக்கோல் 25 வாட்தான். ஆகவே, ஈயத்தை உருக்கும் கோலைவிடக் கூடுதலான சூடு, பிளாஸ்டிக் கட்டைக்கு நடுவில், மூடிய பெட்டிக்குள், இரவு முழுவதும் எரிந்துகொண்டிருக்கின்றது. சாதாரண பி.வி.சி. காப்புறை 70 பாகை செல்சியஸ் வரையில் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. அது முதலில் பழுப்பாகும்; பின் மொறமொறப்பாகி உதிரும்; அதன் பின் கரியாகும்.

இதில் கொடுமை யாதெனில், வீட்டுக்காரருக்கு எவ்வித அறிகுறியும் தென்படாமலே இவ்வளவும் நடந்துவிடும். அரை ஓம் தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் 4 வோல்ட்டே. 230 வோல்ட்டில் 4 வோல்ட் குறைந்தால் இயந்திரம் வழக்கம்போல் ஓடும், அறையும் குளிரும்.

'எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கின்றோமே, அபாயம் வந்தால் அது தானே விழுந்துவிடாதா?' என்று கேட்பவர் பலர். இந்த நம்பிக்கையைத் திருத்துவது மிகவும் அவசியம். எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது விழுவது. தளர்ந்த முனையில் மின்னோட்டம் கூடுவதில்லை; சற்றுக் குறையவே செய்யும். ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ, மின்சாரம் நிலத்திற்குக் கசிந்தால் மட்டுமே விழும். ஆகவே, முனை கரிந்து பக்கத்துக் கம்பியையோ உலோகக் கூட்டையோ தொடும் வரையில், இவ்விரண்டும் அசையாமல் நிற்கும். தளர்ந்த முனைக்குக் காவல் மனிதனின் கண்ணும் மூக்குமே.

முனைகள் ஏன் தளர்கின்றன?

குளிர்சாதனம் மின்விளக்கைப் போல் ஒரே சீராக எரியும் பொருள் அன்று. பழைய வகை இயந்திரத்தில் கம்ப்ரஸர் ஒரு மணி நேரத்தில் பல முறை நின்று நின்று கிளம்பும். கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பி சூடேறி விரியும். நின்றதும் குளிர்ந்து சுருங்கும். விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கித் திருகாணியின் பிடி மெல்ல மெல்ல நெகிழும். வெளிப்புற யூனிட்டின் அதிர்வும் இதற்குத் துணை செய்கின்றது. நமது பகுதியில் மின் வரிசையின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில், கோடை மாலைகளில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். அப்போது கம்ப்ரஸர் கிளம்ப மாட்டாமல் உறுமிக்கொண்டே மேற்படி மிகையான மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சில நொடிகள் முனைக்குப் பெருஞ்சோதனை.

இரண்டாவது காரணம் கடல். காரைக்கால் பகுதி சிறியது. அதில் எந்த ஊரும் கடலுக்கு வெகு தொலைவில் இல்லை. காற்றில் வரும் உப்பு எங்கும் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்துடன் சேர்ந்து செம்பின்மேல் பச்சைக் களிம்பாகவும், இரும்புத் திருகாணியின்மேல் துருவாகவும் மாறும். செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால், அலுமினியம் வெண்தூளாக அரிக்கப்பட்டுவிடும். அலுமினியக் கம்பியை நேரே செம்புக் கம்பியுடன் முறுக்கிச் சேர்த்திருக்கும் இடங்களை நம் ஊர்களில் இன்னும் காணலாம். இது அறவே கூடாது. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில், செம்பு விலை ஏறியபோது, ஏராளமான வீடுகளுக்கு அலுமினியக் கம்பி போட்டார்கள். பின்னர் ஆராய்ந்ததில், 1972க்கு முன் தயாரான அலுமினியக் கம்பி போட்ட வீடுகளில், ஏதேனும் ஓர் இணைப்பு தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பி வீடுகளைக் காட்டிலும் 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. குற்றம் கம்பியின் நடுவில் இல்லை. அது முனையில் இருந்தது.

மூன்றாவது காரணம் எறும்பும் பல்லியும். சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் வெளிப்புற யூனிட்டில் மின்னோட்டத்தைச் சேர்த்துப் பிரிக்கும் 'கான்டாக்டர்' என்னும் கருவியின் இடுக்குகளில் எறும்பு புகுந்து நசுங்கி, தொடுமுகங்கள் சரியாகச் சேராமல் பொறி பறக்கச் செய்வது பழுது பார்ப்போர் அன்றாடம் காணும் காட்சி. கம்பி நுழையும் துளையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கழன்றிருந்தால் உடனே மாற்றி, இடைவெளியை அடைத்துவிட வேண்டும்.

முதலில் எங்கே பார்ப்பது?

இயந்திரத்தின் மூடியைத் திறப்பதற்கு முன், சுவரில் இருக்கும் பிளக்கையும் சாக்கெட்டையும் பாருங்கள். ஒன்றரை டன் இயந்திரத்திற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். இதற்கென்று மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். விளக்குக்கும் வானொலிக்கும் உரிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் இடைச்செருகி ஒன்றை மாட்டி இயந்திரத்தை ஓட்டுவது, வண்டி மாட்டின் நுகத்தைக் கன்றுக்குட்டியின்மேல் ஏற்றுவதாகும். சாக்கெட்டின் உள்ளிருக்கும் பித்தளைப் பட்டைகள் நாளடைவில் விறைப்பை இழந்து பிளக்கைத் தளர்வாகப் பிடிக்கும். அதன் துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால், அல்லது பிளக் கை வைத்தவுடன் சரிந்து வந்தால், இரண்டையுமே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

அடுத்தது ஸ்டெபிலைசர். அதன் பின்புறத்தில் கம்பிகளைச் செருகும் சிறு முனைக்கட்டை ஒன்று உண்டு. என் அனுபவத்தில், கரிந்த முனைகளை மிகுதியாகக் கண்டது இந்தக் கட்டையில்தான். சுவரில் உயரத்தில் மாட்டப்பட்டிருப்பதால், பொருத்திய நாளுக்குப் பின் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெளிப்புற யூனிட்டின் முனைக்கட்டை, கான்டாக்டர், கபாசிடர் ஆகியவற்றின் முனைகள் இதற்கடுத்து வருவன.

மும்முனை மின்சாரம் உள்ள பொதுக் கட்டடங்களில் நியூட்ரல் கம்பியின் முனைக்குத் தனிக் கவனம் வேண்டும். அது கழன்றுவிட்டால், கட்டடத்தின் சில பகுதிகளில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 400ஐ நோக்கி ஏறிவிடும், மறுபகுதிகளில் தாழ்ந்துவிடும். ஒரு நிமிடத்தில் கணினி, விளக்கு, குளிர்ப்பெட்டி எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

வீட்டுக்காரர் செய்யத்தக்கதும் உண்டு. இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடிய பின் பிளக்கின் அருகில் புறங்கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கையை நீக்கச் செய்யும் சூடு பழுது. கம்ப்ரஸர் கிளம்பும்போது விளக்கு துடித்தாலும், சாக்கெட்டின் பக்கம் மீன் வாடையைப் போன்ற நெடி வந்தாலும், சிறு சிடுசிடுப்பு கேட்டாலும், சுவிட்சை நிறுத்திவிட்டு ஆள் அழைக்க வேண்டும். இதற்குமேல் மூடியைக் கழற்றும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது. பின்வருவன அவருக்கும், அவரிடம் வேலை வாங்குவோருக்கும்.

திறப்பதற்கு முன்

இயந்திரத்தின் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. மின்பெட்டியில் அதற்குரிய எம்.சி.பி.யையும் இறக்கி, 'வேலை நடக்கின்றது' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். அடுத்த அறையிலுள்ளவர், 'ஏன் மின்சாரம் நின்றது?' என்று எண்ணி மீண்டும் ஏற்றிவிடுவது எங்கும் நடக்கக்கூடியதே. பின்னர், மின்சாரம் இல்லை என்பதை அளந்தே அறிய வேண்டும். டெஸ்டரின் விளக்கு எரியாததை மட்டும் நம்பி விரல் வைக்கலாகாது. அது எரியாததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் முனையில் வைத்து, மறுபடியும் முதலிடத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. கருவியே பழுதாகியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெளிவாகும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கபாசிடர் தன்னுள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். திருப்புளியின் இரும்பை அதன் இரு முனைகளிலும் வைத்துப் பொறி பறக்கச் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கின்றது. பார்ப்போருக்கு வேடிக்கை, கபாசிடருக்குக் கேடு, கண்ணுக்கு அபாயம். தகுந்த மின்தடை ஒன்றின் வழியாக அதை மெல்ல இறக்கி, மீண்டும் அளந்து பார்த்த பின்னரே தொட வேண்டும்.

கம்ப்ரஸரின் தலையில் சிறு மூடிக்குள் கண்ணாடிக் காப்பில் பதித்த மூன்று ஊசிமுனைகள் இருக்கின்றன. இவை தளர்ந்து சூடேறிக் கரிந்திருந்தால் அந்த ஊசி உள்ளிருக்கும் அழுத்தத்தால் தெறித்து வெளிவரக்கூடும். அதனுடன் வாயுவும் சூடான எண்ணெயும் பீறிட்டுத் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே மூடியைக் கழற்றிய நிலையில் மின்சாரம் ஏற்றலாகாது. அதற்கு நேரெதிரே முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் கூடாது. முன்னர் பெரும்பாலும் பயன்பட்ட ஆர்-22 வாயு தீப்பற்றாதது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது விலக்கப்பட்டு வருகின்றது. இன்று வரும் புதிய யூனிட்டுகளில் பெரும்பாலும் ஆர்-32 என்னும் வாயு நிரப்பப்படுகின்றது. இது மென்மையாகவேனும் தீப்பற்றும் இயல்புடையது. பழைய யூனிட்டில் பொறி பறந்தால் முனையோடு போயிற்று. கசிவுள்ள புதிய யூனிட்டில் அதே பொறியை அவ்வளவு எளிதாக எண்ணிவிட முடியாது.

முனையைச் செப்பனிடுதல்

திருகாணி தளர்ந்திருந்தால் முறுக்கிவிடுவதே பராமரிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். பாதி உண்மைதான். ஒருமுறை சூடேறிக் கறுத்த செம்பு இழைகள் எவ்வளவு முறுக்கினாலும் பழைய நிலைக்கு வருவதில்லை. அவை மென்மையாகி, மேலே கருந்தோல் படிந்துவிட்டன. பளபளக்கும் நல்ல செம்பு தெரியும் வரையில் கம்பியைப் பின்னோக்கி வெட்டிவிட வேண்டும். பின் கம்பியின் பருமனுக்குப் பொருத்தமான லக்கைச் செருகி, கிரிம்பிங் கருவியால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். சாதாரண குறட்டால் நசுக்கிய லக் அன்று மட்டுமே இறுக்கமாக இருக்கும். நசுக்கிய பின் கையால் நன்றாக இழுத்துப் பார்ப்பது ஒரு நொடி வேலை. அதைத் தவிர்ப்பவரிடம் மறுமுறை வேலை கொடுக்க வேண்டாம்.

இழைகளின் நுனிக்கு ஈயம் பற்றவைத்துத் திருகாணியின் கீழ் வைப்பது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆயினும் அது தவறான முறை. ஈயம் மெத்தென்றது, அழுத்தத்தில் சிறிது சிறிதாக வழிந்து நகர்ந்து பிடியைத் தளரவிடும். கம்பியின் சில இழைகளை வெட்டியெறிந்து சிறு துளைக்குள் திணிப்பது அதனினும் தவறு. செருகும் வகை முனை தளர்ந்திருந்தால் குறட்டால் அமுக்கி மீண்டும் செருகுவார்கள். அதன் விறைப்பு போனது போனதே, புதிது போட வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? உற்பத்தியாளரின் குறிப்பேட்டில் கூறிய அளவுக்கு. வலுவுள்ள மட்டும் முறுக்கினால் திருகாணியின் மரை வழுக்கும். அல்லது இழைகள் நசுங்கி அறுபடும். ஆண்டுதோறும் நல்ல முனைகளையும் சேர்த்து ஒரு சுற்று முறுக்கிவிட்டுச் செல்வதும் கேடே. கான்டாக்டரின் வெள்ளித் தொடுமுகங்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். மெல்லிய வெள்ளிப் பூச்சு போய்விடும். பித்தளைப் பாத்திரத்தின் களிம்பைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீடுகளில் வழக்கம். அதே யோசனையில் முனைகளுக்கும் புளியோ எலுமிச்சையோ தடவிய வீடுகளை நான் கண்டதுண்டு. புளிப்பு அங்கேயே தங்கி அரிப்பை விரைவுபடுத்தும். களிம்பேறிய முனையை மாற்றுவதே சிக்கனம். அதன் விலை சில ரூபாய்கள்தான்.

வேலை முடிந்து மூடியபின் இயந்திரத்தை அரை மணி ஓட்டி, முனைகளின் சூட்டை அளந்தால் மிகவும் நன்று. இதற்குத் தொடாமல் அளக்கும் வெப்பமானி உதவும். 2020ஆம் ஆண்டின் கொரோனா காலத்தில் ஊராட்சிகளெல்லாம் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்குப் பயன்படாது; அது மனித உடலின் சூட்டை மட்டுமே அளப்பது. தொழிற்சாலைக்குரிய வகையை வாங்க வேண்டும். பளபளப்பான உலோகத்தைக் குறிபார்த்தால் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஆதலால் பக்கத்திலுள்ள கம்பியின் உறையைக் குறிபார்த்து, ஒரே சுமையைத் தாங்கும் இரு முனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தனியே சூடாக இருந்தால் அதுவே குற்றவாளி.

எப்போது, யார்?

நம் பகுதிக்கு ஆண்டில் இரு முறை போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு முறை. உப்பும் ஈரமும் செய்த சேதம் அப்போது தெரியும். கோடையின் முழுச் சுமை ஏறுவதற்கு முன் பங்குனியில் ஒரு முறை. புயலும் வெள்ளமும் வந்தால் கணக்கு வேறு. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலைப் போன்ற ஒன்றுக்குப் பின், வெள்ளத்தில் நனைந்த யூனிட்டைக் காய வைத்து ஓட்டிப் பார்ப்பது என்பது கூடாது. நல்ல நீரால் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, முனைகளைத் திறந்து பார்த்து, காப்புத் தடையை அளந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பொதுக் கட்டடங்களில் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கின்றதே என்று அதிகாரிகள் நிம்மதியாக இருந்துவிடுகின்றனர். ஒப்பந்தக்காரரின் ஆள் வருகின்றார், வடிகட்டியைக் கழுவுகின்றார், கையொப்பம் வாங்குகின்றார், போகின்றார். ஒப்பந்தத்தில் முனைகள் என்ற சொல்லே இல்லாதபோது அவரைக் குறை கூறிப் பயனில்லை. எந்தெந்த முனைகளைத் திறந்து பார்ப்பது, எவற்றை மாற்றுவது என்று எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் நாமே.

2021 ஏப்ரல் 23 அன்று மகாராஷ்டிரத்தின் விரார் நகரில், ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குளிர்சாதனத்திலிருந்து மூண்டதாகத் தெரிவிக்கப்பட்ட தீயில் குறைந்தது 13 நோயாளிகள் மாண்டனர். எழுந்து ஓட இயலாதவர்கள் படுத்திருக்கும் இடத்தில் முனைகளைப் பார்ப்பதைத் தள்ளிப்போட இடமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே கவனம் தடுப்பு மருந்துப் பெட்டிக்கும் வேண்டும். ஐ.எல்.ஆர். எனப்படும் அப்பெட்டியின் உட்புறம் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். அதன் பிளக் தளர்ந்து சனிக்கிழமை இரவு மின்சாரம் விட்டுப்போனால், திங்கட்கிழமை காலை குழந்தைகளுக்குப் போடவிருந்த மருந்து வீணாகியிருக்கக்கூடும். ஆகவே அதற்குத் தனிச் சாக்கெட். நீட்டிப்புக் கம்பி கூடாது. மின்விசிறிக்கோ கைப்பேசிக்கோ அந்தச் சாக்கெட்டைப் பங்கிடவும் கூடாது. சுவிட்சின்மேல் 'நிறுத்தாதீர்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். பெட்டியின் சூட்டை நாள்தோறும் குறிக்கும் பதிவேட்டிலேயே ஒரு கடைசிப் பத்தி கோடிட்டு, தை, பங்குனி மாதங்களில் பிளக், சாக்கெட், ஸ்டெபிலைசர் முனைகளைத் திறந்து பார்த்த தேதி, பார்த்தவர் கையொப்பம், மாற்றிய பொருள் ஆகிய மூன்றையும் எழுதி வரலாம். புதிய பதிவேடு அச்சிட வேண்டியதில்லை.